இல்லாவிட்டால் உருவாக்கு: ஒரு வரியால் காணாமல்போன கோட்டையூர்ப் பேரேடுகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பழைய ஏடுகளை ஸ்கேன் செய்து சேமித்தபோது நடந்தது இது. ஸ்கேன் கோப்புகளை இரவில் தானாக நகலெடுக்கும் ஸ்கிரிப்டை, அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பை, எழுதியது நான். தவறும் பெரும்பாலும் என்னுடையதுதான். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

பின்னணி

வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் மூன்று மரப்பெட்டிகள் நிறைய பழைய பேரேடுகள், கடிதக்கட்டுகள், புகைப்பட ஆல்பங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்துக் கணக்குகள் பாதி. கல்யாணம், கோயில் காரியம் சம்பந்தப்பட்ட ஏடுகள் மீதி. உறவினர்கள் பல ஊர்களில் இருப்பதால், அவரவர் வீட்டில் கிடந்த ஏடுகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஸ்கேன் செய்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. இந்தப் பேச்சு பின்னால் முக்கியமாகிறது.

ஏன் இவ்வளவு சிரமம் என்று வீட்டுப் பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்கள்தானே 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகம் ஆயிற்று, நம் வீட்டுத் தாளைக் கரையானுக்குக் கொடுப்பானேன் என்றார்.

ஏற்பாடு எளிமையானது. ஸ்கேன் செய்ய ஒரு தம்பி, அவருக்கு ஒரு விண்டோஸ் மடிக்கணினி. மூலையில் பழைய டெஸ்க்டாப் ஒன்று, அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம், உள்ளே 240 ஜிபி எஸ்எஸ்டி (உள் டிஸ்க்). அதோடு 4 டிபி வெளி டிஸ்க். தம்பி ஸ்கேன் செய்வது நெட்வொர்க் வழியாக டெஸ்க்டாப்பில் ‘வரவு’ என்ற ஃபோல்டரில் விழும். இரவு 11 மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடி, வரவில் உள்ளதை வெளி டிஸ்க்கில் ‘இருப்பு’ என்ற ஃபோல்டருக்கு நகலெடுக்கும். பெயர் வைத்தது பெரியவர். கணக்குப்பிள்ளை வீட்டுப் பழக்கம்.

ஏ4 அளவுப் பக்கத்தை 300 டிபிஐ-யில், வண்ணத்தில், சுருக்காமல் டிஃப் என்ற படக் கோப்பாக வைத்தால் ஒரு பக்கம் சுமார் 26 எம்பி வரும். நானூறு பக்கப் பேரேடு ஒன்றே 10 ஜிபி. எஸ்எஸ்டியில் ஏழாயிரத்துச் சொச்சம் பக்கத்துக்கு மேல் தாங்காது. அதனால் நகல் முடிந்த ஏடுகளை வரவிலிருந்து தம்பி அழித்துவிடுவார். அழிக்கலாமா கூடாதா என்பதற்கு அவருக்கு இருந்த ஒரே சான்று, ஸ்கிரிப்ட் அவருடைய போனுக்கு அனுப்பும் ஒற்றைச் சொல்: ‘முடிந்தது’.

முதல் ஸ்கிரிப்ட் எப்படி இருந்தது

ஊர்ப் பெயர்கள் ஒரு பட்டியல் கோப்பில். அந்தப் பட்டியலைப் படித்து, ஒவ்வொரு ஊருக்கும் மூன்று வேலை: வரவில் அந்த ஊர் ஃபோல்டர் இல்லாவிட்டால் உருவாக்கு, இருப்பில் இல்லாவிட்டால் உருவாக்கு, ஆர்சிங்க் என்ற நகல் கருவி கொண்டு நகலெடு. உருவாக்குவதற்கு மேக்டிர் கட்டளையோடு மைனஸ் பி என்ற விருப்பம். ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தால் இந்தக் கட்டளை சத்தம் போடாது. இல்லாவிட்டால், நடுவில் உள்ள ஃபோல்டர்களையும் சேர்த்துப் படைத்துவிடும். எழுதும்போது இது எனக்குப் பெரிய வசதியாகத் தெரிந்தது. இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டாம், இல்லாததற்குப் பிழைச்செய்தி எழுதவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்போதே எச்சரிக்கையாக இருந்தேன். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் டெலீட் விருப்பத்தை ஆர்சிங்கில் போடவில்லை. தம்பி வரவைக் காலி செய்தால் இருப்பும் காலியாகிவிடுமே.

ஸ்கிரிப்டின் கடைசி வரி, ‘முடிந்தது’ என்று போனுக்கு அனுப்புவது. அதற்கு முந்தைய வரிகளில் என்ன நடந்திருந்தாலும் அந்த வரி ஓடும்.

முதல் சம்பவம்: டிஸ்க் நிறைந்தது

ஐப்பசி மழை. சாயங்காலம் மின்சாரம் போய் வந்தது. டெஸ்க்டாப் தானாக எழுந்துகொண்டது. வெளி டிஸ்க்கின் அடாப்டர் வேறொரு பிளக்கில் இருந்தது. அது தளர்ந்து கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. டிஸ்க் வராவிட்டாலும் கணினி எழ வேண்டும் என்று எஃப்எஸ்டேப் கோப்பில் (எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்ற பட்டியல்) நோஃபெயில் என்ற விருப்பம் போட்டிருந்தேன். அதன்படியே எழுந்தது.

மூன்றாம் நாள் மதியம் தம்பி போன் செய்தார். “அண்ணே, டிஸ்க் ஃபுல்லுங்குது. ஸ்கேன் சேவ் ஆகமாட்டேங்குது.” ‘முடிந்தது’ வந்திருந்த தைரியத்தில், அந்த இரண்டு நாளில் ஸ்கேன் செய்த ஒரு பேரேட்டை அழித்துப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் ஓடி, மறுபடி நிறைந்தது. பிறகு வயர்களை எல்லாம் அழுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறார். வெளி டிஸ்க் வந்துவிட்டது. எஸ்எஸ்டி மட்டும் அப்படியே நிறைந்திருந்தது.

நான் போய்ப் பார்த்தபோது இரண்டு கணக்கு ஒத்துவரவில்லை. டிஸ்க்கில் மொத்தம் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை, எஸ்எஸ்டி நிறைந்துவிட்டது என்றது. டியூ கட்டளையால் ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டினால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்தது. மீதி 90 ஜிபி எங்கே?

வெளி டிஸ்க்கை லினக்ஸில் இணைப்பதற்கு ஒரு ஃபோல்டர் வேண்டும். டிஸ்க் இணைந்ததும் அந்த ஃபோல்டருக்குள் டிஸ்க்கின் உள்ளடக்கம் தெரியும். டிஸ்க் இல்லாதபோது ஃபோல்டர் மறைந்துபோவதில்லை. எஸ்எஸ்டியில் வெறும் ஃபோல்டராக அங்கேயே இருக்கும். செட்டிநாட்டில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். முகப்பும் திண்ணையும் அப்படியே நிற்கும், உள்ளே ஆள் இருக்கமாட்டார்கள். அந்த இரண்டு இரவும் ஸ்கிரிப்ட் போய் வாசலைப் பார்த்தது. உள்ளே ‘இருப்பு’ காணோம், அதனால் தானே ஒரு ‘இருப்பு’ உண்டாக்கி, அதில் வரவு முழுவதையும் புதிதாக நகலெடுத்தது. நகல் போனது அதே எஸ்எஸ்டிக்கு. பிறகு டிஸ்க் இணைந்தபோது அதன் உள்ளடக்கம் மேலே பாய் விரித்ததுபோல் மூடிக்கொண்டது. கீழே கிடந்த 90 ஜிபி கண்ணில் படவில்லை, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தது.

வெளி டிஸ்க்கைக் கழற்றியதும் எல்லாம் தெரிந்தது. தம்பி அழித்த பேரேடும் அங்கே பத்திரமாக இருந்தது. அன்று தப்பித்தது அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

அன்று எடுத்த முடிவுகள்

ஃபோல்டர் இருக்கிறதா என்ற கேள்வியை மாற்றினேன். மவுண்ட்பாயிண்ட் என்றே ஒரு கட்டளை இருக்கிறது. இந்த ஃபோல்டரில் உண்மையாகவே ஒரு டிஸ்க் இணைந்திருக்கிறதா என்பதை அது சொல்லும். அதோடு வெளி டிஸ்க்கின் வேரில், அதாவது மேல்மட்டத்தில், ஓர் அடையாளக் கோப்பும் வைத்தேன். வேறொரு டிஸ்க்கை யாராவது செருகிவிட்டாலும் அந்தக் கோப்பு இல்லாததால் தெரிந்துவிடும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஸ்கிரிப்ட் நிற்கும், போனுக்கு ‘டிஸ்க் இல்லை’ என்று வரும்.

அடுத்தது ஆர்சிங்க் திருப்பித் தரும் எண். பூஜ்யம் என்றால் வெற்றி. 23 என்றால் சில கோப்புகள் போகவில்லை. டிஸ்க்கில் எழுத முடியாமல் போனால் பெரும்பாலும் 11. பூஜ்யம் வந்தால்தான் ‘முடிந்தது’ அனுப்பு என்று மாற்றினேன். சோதித்துப் பார்க்க, நகல் ஓடும்போதே கேபிளைப் பிடுங்கினேன். வாசலில் உட்கார்ந்திருந்த ஆச்சி, “ஏப்பா, நல்லா ஓடுறதை எதுக்குப் புடுங்குறிய?” என்றார்கள். திரையில் பிழை வரிசையாகக் கொட்டியது. போனுக்கு வந்தது ‘முடிந்தது’.

காரணம், திரையிலும் லாகிலும் (பதிவுக் கோப்பு) ஒரே நேரத்தில் எழுதுவதற்காக ஆர்சிங்கின் வெளியீட்டை டீ என்ற கட்டளைக்குள் குழாய் போட்டு விட்டிருந்தேன். குழாயில் பல கட்டளைகள் கோர்த்தால், ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் கடைசிக் கட்டளையின் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். டீ தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது பூஜ்யம் தந்தது. ஆர்சிங்க் தோற்றதை யாரும் கேட்கவில்லை. பைப்ஃபெயில் என்ற அமைப்பைப் போட்டதும் குழாயில் எது தோற்றாலும் தெரிய ஆரம்பித்தது. ஆச்சி கேள்வி கேட்டாலும் பரவாயில்லை, கேபிளைப் பிடுங்கியிருக்காவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

செட் மைனஸ் ஈ போட்டால் போதாதா, எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் தானே நின்றுவிடுமே என்று ஒரு நண்பர் கேட்டார். போட்டேன். அதை மட்டும் நம்பவில்லை. ‘இஃப்’ நிபந்தனைக்குள் ஓடுகிற கட்டளைக்கும், ‘அல்லது’ குறிக்கு இடப்பக்கம் நிற்கிற கட்டளைக்கும் அது பொருந்தாது. முக்கியமான இடங்களில் எண்ணை நானே பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஊர் ஃபோல்டர்களுக்கான மேக்டிரை மட்டும் அப்படியே விட்டேன். புது ஊர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கையால் ஃபோல்டர் போடச் சோம்பல். வேருக்குக் காவல் போட்டாயிற்றே, கிளைக்கு என்ன என்று நினைத்தேன்.

இரண்டாம் சம்பவம்: இரண்டு கோட்டையூர்

அதே வாரம் பெரியவர் ஊர்ப் பட்டியலை முழுமையாகக் கொடுத்தார். முன்பு எப்போதோ, யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. நான் கையால் அடித்த நான்கைந்து ஊர்ப் பட்டியலை எடுத்துவிட்டு, இதை ஒரு கருவியில் யூனிகோடாக மாற்றி, ஸ்கிரிப்டுக்குக் கொடுத்தேன். திரையில் எழுத்து அழகாக வந்திருந்தது. ஐந்து வாரம் போனுக்குத் தினமும் ‘முடிந்தது’ வந்தது.

பிறகு ஓர் உறவினர், கோட்டையூர் வீட்டுப் பேரேட்டில் பர்மாக் கடைக் கணக்கு ஒரு பக்கம் வேண்டும் என்றார். இருப்பில் கோட்டையூரைத் திறந்தால் பட்டியல் மாற்றுவதற்கு முந்தைய ஏடுகள் மட்டும் இருந்தன. அதற்கு அடுத்தாற்போல் இன்னொரு கோட்டையூர். எழுத்துக்கு எழுத்து அதே பெயர். உள்ளே ஒன்றும் இல்லை.

தம்பியிடம் கேட்டேன். “வரவுலயும் ரெண்டு இருந்துச்சுண்ணே. ஒண்ணு காலியா கெடந்துச்சு. ஏதோ விண்டோஸ் கோளாறுன்னு நெனச்சு, எப்பவும் போடுறதுலயே போட்டேன்.” அவர் மேல் தவறு சொல்ல ஒன்றுமில்லை. அவர் கண்ணுக்கு அதற்கு மேல் தெரியவும் வழியில்லை.

எந்தெந்த ஊர் இரட்டித்திருக்கிறது என்று பார்த்தோம். கோட்டையூர், கொத்தமங்கலம், தேவகோட்டை. காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி எல்லாம் ஒற்றையாக ஒழுங்காக இருந்தன. மூன்று பெயரையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். கோ, கொ, கோ.

பாமினியில் ‘கோ’ என்று அடிக்க மூன்று தட்டு: இரட்டைக் கொம்பு, க, கால். தட்டச்சுக் காலத்து முறை. யூனிகோடில் ஓகாரக் குறிக்குத் தனியாக ஒரே இடம் இருக்கிறது. க-வுக்குப் பின் அந்த ஒரு குறி. இதே ஓகாரத்தை இரட்டைக் கொம்பு ஒரு குறி, கால் ஒரு குறி என்று பிரித்து வைக்கவும் யூனிகோடு இடம் தருகிறது. இரண்டும் சமம் என்றே அந்தத் தரம் சொல்கிறது; திரையிலும் ஒன்றாகவே தெரியும். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இப்படியே. நான் பயன்படுத்திய மாற்றுக்கருவி கொம்பைக் க-வுக்குப் பின்னால் நகர்த்தியதோடு நின்றுவிட்டது. கொம்பையும் காலையும் ஒட்டவில்லை. தம்பியின் விசைப்பலகை ஒட்டிய குறியைத் தந்தது.

லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைக்குப் பெயர் என்பது பைட் வரிசை மட்டுமே. யூனிகோடில் தமிழுக்கான ஒவ்வோர் இடமும், அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ஓகாரக் குறி ஒன்றில் மூன்று பைட், மற்றதில் ஆறு. பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் வழியாக இரண்டு பெயரையும் கொட்டிப் பார்த்தபோது அப்படியே இருந்தது. ஆகவே அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

மேக்டிர் இங்கே செய்ததைச் சொல்கிறேன். பட்டியலில் இருந்த (கொம்பும் காலும் பிரிந்த) கோட்டையூர் வரவில் இல்லை. உருவாக்கியது. இருப்பிலும் இல்லை. உருவாக்கியது. ஆர்சிங்க் ஒரு காலி ஃபோல்டரை இன்னொரு காலி ஃபோல்டருக்கு ஒரு குறையுமின்றி நகலெடுத்து, பூஜ்யம் தந்தது. நான் கஷ்டப்பட்டுச் சேர்த்த எண் சோதனை, பைப்ஃபெயில், மவுண்ட்பாயிண்ட் எல்லாவற்றையும் அது தாண்டிப் போயிற்று, ஏனென்றால் எதுவும் தோற்கவில்லை. மேக்டிர் இல்லாமல் இருந்திருந்தால் முதல் இரவே ‘மூல ஃபோல்டர் இல்லை’ என்று ஆர்சிங்க் 23 தந்திருக்கும்.

லாகில் தினமும் அந்த மூன்று ஊருக்கும் நேரே ஒரு கோப்பும் பதிவாகவில்லை. லாகை யாரும் திறக்கவில்லை, நான் உட்பட.

என்ன போனது

கோட்டையூர்ப் பேரேடு இரண்டு, தேவகோட்டைக் கடிதக்கட்டு ஒன்று, கொத்தமங்கலத்து ஆல்பம் ஒன்று. நான்கையும் ‘முடிந்தது’ பார்த்து வரவிலிருந்து அழித்தாயிற்று. ஏடுகளையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று.

எஸ்எஸ்டியிலிருந்து மீட்க முயன்றேன். உபுண்டு வாரம் ஒருமுறை, அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துத் துடைக்கச் சொல்லும் வேலையைத் தானாகவே செய்கிறது. மீட்புக் கருவியில் ஒன்றும் தேறவில்லை.

பேரேடுகளை மறுபடி வாங்கி மூன்று நாளில் ஸ்கேன் செய்தோம். கடிதக்கட்டு கஷ்டம். முதல் தடவை பிரித்தபோதே மடிப்பில் விரிசல் விட்டிருந்த தாள்கள். இரண்டாம் தடவை சிலவற்றின் ஓரம் உதிர்ந்தது. ஆச்சி உதிர்ந்த துண்டுகளை ஒரு கவரில் போட்டு மேலே தேதி எழுதி வைத்தார்கள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆல்பத்தை அதற்குள் சிங்கப்பூருக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

இரண்டாவது முறை எடுத்த முடிவுகள்

முதல் வேலையாக மேக்டிரை இரவு ஸ்கிரிப்டிலிருந்து எடுத்தேன். புது ஊருக்கு ஃபோல்டர் வேண்டுமானால் அதற்கென்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட். மனிதர் ஒருவர் ஓட்ட வேண்டும், வரவிலும் இருப்பிலும் அதுவே உண்டாக்கும். இரவில் ஓடுவது எதையும் உண்டாக்காது.

பெயருக்கு என்ன செய்வது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. எண் மட்டும் வைத்துவிடலாம் என்பது என் யோசனை. “ஊருக்கு நம்பர் போடவா உங்களைக் கூப்பிட்டோம்?” என்றார் பெரியவர். விலாசம் (குடும்பத்தின் முன்னெழுத்துகள்) பார்த்தே வீட்டை அடையாளம் சொல்கிற வழக்கத்தில் வந்தவர், அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் எண்ணும் பெயரும் சேர்த்து வைத்தோம்: ‘07-கோட்டையூர்’ என்பதுபோல். பெயர் மனிதர் படிக்க. ஸ்கிரிப்ட் முன்னால் உள்ள எண்ணை மட்டும் பார்க்கும். அந்த எண்ணில் ஃபோல்டர் ஒன்றுமே இல்லை என்றால் பிழை; ஒன்று இருந்தால் நகலெடு; ஒன்றுக்கு மேல் இருந்தாலும் பிழை. பழைய சோதனையில் மூன்றாவது நிலை என்ற ஒன்றையே நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

ஏற்கெனவே பிரிந்து கிடந்த பெயர்களைக் கான்வ்எம்வி என்ற கருவியால் ஒட்டிய வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். அந்தக் கருவியில் எனக்குப் பிடித்தது, முதலில் என்ன செய்யப்போகிறது என்று காட்டிவிட்டு நின்றுவிடும். செய் என்று தனியாகச் சொன்னால்தான் செய்யும். ஊர்ப் பட்டியலையும் அதே வடிவத்துக்கு மாற்றிவிட்டேன்.

‘முடிந்தது’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். இப்போது ஊர்வாரியாக இரண்டு எண் வருகிறது: வரவில் எத்தனை கோப்பு, அவற்றில் எத்தனை இருப்பிலும் அதே செக்சம்மோடு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) இருக்கின்றன. இரண்டும் ஒன்றானால்தான் தம்பி அழிக்கலாம். ஸ்கேன் நடந்த நாளில் ஓர் ஊருக்கும் புதுக்கோப்பு ஒன்றுகூடப் போகவில்லை என்றால் அதுவும் எச்சரிக்கையாக வரும். செக்சம் பார்க்க இரவில் கூடுதலாக நேரம் பிடிக்கிறது, இரவு நீளமானதுதானே.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்

ஸ்கேன் செய்த ஏடுகளைத் திருப்பிக் கொடுப்பதற்கும் வரவிலிருந்து அழிப்பதற்கும் இடையே குறைந்தது ஒரு மாதம் விடுவேன். அதற்குப் பெரிய எஸ்எஸ்டி வாங்க வேண்டும். மிச்சம் பிடிக்கப் பார்த்த காசு அது. இரண்டாவது நகலை வேறு ஊர் வீட்டில் வைக்க வேண்டும் என்று பேசி வருகிறோம், இன்னும் நடக்கவில்லை. வளவு முற்றத்தில் மழைச்சாரல் விழுகிற வீட்டில், மேசைக்கடியில் ஒரே டிஸ்க்கை வைத்துக்கொண்டிருப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

முதல் சம்பவத்துக்குப் பிறகு செய்த சோதனை முழுவதும் டிஸ்க்கைச் சுற்றியே இருந்தது. இல்லாத ஊர், காலி ஊர், இரண்டு தடவை வரும் ஊர் என்று பட்டியலையும் கெடுத்து ஓட்டிப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

போன வாரம் கொத்தமங்கலத்து ஆல்பம் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தது. அன்று இரவு ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது: ‘11 என்ற எண்ணில் இரண்டு ஃபோல்டர்’. ஆல்பத்துக்கு என்று தம்பி புதிதாக ஒன்று போட்டிருக்கிறார். காலையில் ஒன்றை மற்றதற்குள் நகர்த்தினார். மறுபடி ஓட்டினோம். வரவு 64, இருப்பு 64.